மிஸ் அடிக்கிறதா, இழுவை இல்லையா: டீசல் பிக்கப்பில் கோளாறைத் தேடிப் பிடிக்கும் வழி

"வண்டி இழுக்கல" என்றுதான் பிக்கப்பைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்துவார்கள். இந்த இரண்டு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோளாறுகள் இருக்கலாம். ஒன்று, ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாமல் மிஸ் அடிப்பது. இன்னொன்று, எல்லாச் சிலிண்டரும் சரியாக எரிந்தும் மொத்தமாகப் பலம் குறைந்துபோவது. முதலாவதற்குக் காரணம் அந்தச் சிலிண்டரோடு சேர்ந்த பாகங்களில் இருக்கும்: இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்), அதன் வாஷர், வயர், வால்வு, பிஸ்டன் ரிங். இரண்டாவதற்குக் காரணம் பொதுப் பாதையில் இருக்கும்: டீசல் வரும் வழி, காற்று வரும் வழி, புகை போகும் வழி. இதைப் பிரித்துப் பார்க்காமல் நாலு இன்ஜெக்டரையும் மாற்றிவிட்டு, அதே கோளாறோடு அடுத்த பட்டறைக்கு வரும் வண்டிகள் நிறைய.

இங்கே சொல்வது காமன் ரெயில் டீசல் பிக்கப்புக்கு. அதாவது, ரெயில் என்ற ஒரே குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கி, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வகை. நம் ஊரில் ஓடும் பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா டீசல் எல்லாம் இந்த வகை. பழைய ஏஸ் போன்ற பம்ப் வண்டிகளுக்குப் பாதிதான் பொருந்தும். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டியில் ஸ்பார்க் பிளக், காயில் என்று தேடும் இடமே வேறு.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்ப் வண்டியில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்வது பழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே ரெயிலுக்குள் 250, 300 பார் அழுத்தம் நிற்கும். லோடில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் கிளவுஸையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டு உட்காராமல், அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். கசிவைத் தேடக் கையை நீட்டாதீர்கள், ஒரு அட்டையை நீட்டுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் சில நிமிடம் விட்டுத்தான் ஹை பிரஷர் பைப்பில் ஸ்பானர் போட வேண்டும்.

முதலில், கோளாறு இன்ஜினில்தானா?

மேட்டில் ரேஸ் கொடுத்தால் ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப். கருகல் வாசனையும் சேர்ந்து வரும். இன்ஜினில் இழுவை இல்லையென்றால் முள்ளும் சேர்ந்துதான் படுக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை டிரைவரிடம் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து பிரேக். கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவந்து நிறுத்தி, நாலு வீல் பக்கமும் கையைத் தொடாமல் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த வீல் ஜாம். ஹேண்ட் பிரேக் கேபிள் முழுசாகத் திரும்பாமல் பின் டிரம்மைப் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டியும் "இழுக்கல" என்றுதான் வரும்.

இது இரண்டும் இல்லையென்றால் பானட்டைத் திறந்து ஐடிலிங்கில் விட்டு, சைலன்சர் முனைக்குப் போய் நில்லுங்கள். புகை சீராக வந்தால் எல்லாச் சிலிண்டரும் எரிகிறது; 'பொப்... பொப்... பொப்' என்று குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு அடி தவறி வந்தால், இன்ஜினும் அதே தாளத்தில் குலுங்கினால், ஒரு சிலிண்டர் போயிருக்கிறது. பொலிரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் இன்ஜினில் நாலு சிலிண்டர், ஒன்று படுத்தால் கால் பங்கு பலம் போகும். தோஸ்தில் மூன்றே சிலிண்டர், ஒன்று படுத்தால் கேபினே ஆடும். ஐடிலிங் வெண்ணெய் மாதிரி இருந்து, லோடில் மட்டும் சோர்ந்தால் பொதுப் பாதையில் தேடுங்கள்.

"காலையில மட்டும் மிஸ் அடிக்குது, சூடானா சரியாயிடுது"

செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொள்கிறது, ஆனால் குலுங்குகிறது, கண் எரியும் வெள்ளைப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது என்றால் ஹீட்டர் பிளக்கை (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) பாருங்கள். ஈரோட்டிலும் திருச்சியிலும் நாலில் இரண்டு பிளக் செத்திருந்தாலும் வருஷம் முழுக்கத் தெரியாமலே ஓடிவிடும். அதே வண்டி மார்கழியில் ஊட்டியில் ஒரு ராத்திரி நின்றால்தான் குட்டு வெளிப்படும். சோதிப்பது சுலபம்: பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை பிளக் தலையிலும் வையுங்கள். எரிந்தால் பிளக்கின் உள்கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் செத்தது. நாலும் நன்றாக இருந்தால், சாவி போட்டதும் பட்டைக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ரிலே அல்லது ஃபியூஸ்.

இதற்கு நேர்மாறாக, ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, பிடித்ததும் ரேஸ் ஏறி இறங்கி ஒரு தரம் அணைந்துவிடுகிறது, அப்புறம் நாள் முழுக்கச் சரி என்றால் ஹீட்டர் பிளக்கைத் தொடாதீர்கள். ராத்திரியில் லைனுக்குள் ஏர் பிடித்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. இதில் பலர் ஏமாறுவது, "எங்கேயும் டீசல் ஒழுகலையே" என்று. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசலை உறிஞ்சி எடுக்கும் வண்டியில், அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடி ஓஸைப் போட்டு ஓடவிட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கை பம்ப், ஃபில்டர் ஓ-ரிங், ஓஸ் கிளிப், பாஞ்சோ போல்ட்டின் (உள்ளே டீசல் ஓடும் துளையுள்ள போல்ட்) வாஷர், இந்த வரிசையில் பாருங்கள். போன முறை ஃபில்டர் மாற்றியவர் பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே மேல் ஓஸ் கல்லாக இறுகுகிறது என்றால் ஹெட் கேஸ்கட். இதை மேற்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

"ஐடிலிங்ல ஒரே சீரா மிஸ் அடிக்குது"

முதலில் எந்தச் சிலிண்டர் என்று தெரிய வேண்டும். ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இருந்தால் இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கும், அதுதான் நல்லது. இல்லாதவர்கள் சாவியை அணைத்து, ஒரு இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு அணைத்து மாட்டி, அடுத்தது. எதைக் கழற்றினால் குலுக்கலில் மாற்றமே இல்லையோ அதுதான் படுத்த சிலிண்டர். ஓடும்போதே கப்ளரைப் பிடுங்காதீர்கள். இன்ஜெக்டருக்கு ஈ.சி.யூ. (இன்ஜினின் கம்ப்யூட்டர்) அனுப்புவது பேட்டரியின் 12 வோல்ட் இல்லை. திறக்கும் கணத்தில் 50 வோல்ட்டுக்கும் மேலே போகும். கைக்கும் கெடுதல், ஈ.சி.யூ.வுக்கும் கெடுதல். பியசோ வகை (காந்தச் சுருளுக்குப் பதில் மின் படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டர் உள்ள வண்டியில் இந்தக் கப்ளர் வித்தையே வேண்டாம், ஸ்கேனரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐடிலிங்கில் எவ்வளவு டீசல் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கும் தெரியும். நாலும் பூஜ்யத்துக்கு அக்கம்பக்கமாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் பிளஸ்ஸில் துருத்திக்கொண்டு நின்றால், அந்தச் சிலிண்டர் பலவீனமாக இருப்பதால் ஈ.சி.யூ. கூடுதலாக ஊட்டுகிறது என்று அர்த்தம். ஏன் பலவீனம் என்பதை அந்த எண் சொல்லாது. இந்த எண்ணைக் காட்டி "இன்ஜெக்டர் போச்சு" என்று சொல்பவரிடம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம்) பார்த்தாரா என்று கேளுங்கள்.

சிலிண்டர் தெரிந்துவிட்டதா? இனிச் செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். கப்ளரைக் கழற்றி உள்ளே ஆயில் நனைந்திருக்கிறதா, பின் அகன்று லூஸாக இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சோலினாய்டு (காந்தச் சுருள்) இன்ஜெக்டரின் ஓம்ஸ் ஒன்றுக்கும் கீழே இருக்கும். சாதாரண மீட்டரில் அந்த அளவைத் துல்லியமாகப் படிக்க முடியாது. நாலையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் ஓப்பனாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து இன்ஜெக்டரின் அடிப்பகுதி. அங்கே ஒரு செம்பு வாஷர் உட்கார்ந்திருக்கிறது. அது கசிந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு ஒவ்வொரு அடிக்கும் இன்ஜெக்டரைச் சுற்றி மேலே ஏறும். பார்த்த உடனே தெரியும்: மற்ற மூன்றும் தூசி படிந்து காய்ந்திருக்க, இது மட்டும் தார் ஊற்றியதுபோல் கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். காதை வைத்தால் 'சக் சக் சக்' என்று கேட்கும். சந்தேகம் இருந்தால் சோப்புத் தண்ணீரை விடுங்கள், குமிழ் கிளம்பும். இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தார் கல்லாக இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றவே முடியாமல் ஹெட்டை இறக்க வேண்டி வரும். இன்ஜெக்டர் டேப்பெட் கவருக்குள்ளேயே இருக்கும் இன்ஜின்களில் இன்னும் மோசம்: கரி ஆயிலில் விழுந்து, சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னரை அடைத்து, ஆயில் பிரஷரையே குறைத்துவிடும்.

வாஷர் மாற்றுவது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் அவசரப்பட்டால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். உட்காரும் இடத்தைச் சீட் கட்டரால் சுத்தம் செய்யாமல் புது வாஷர் போடக்கூடாது. பழைய வாஷர் அடியில் ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதியதைப் போட்டு, இரண்டு வாஷரோடு ஓடும் வண்டிகள் உண்டு. இன்ஜெக்டர் மூக்கு ஒரு மில்லி மேலே ஏறினாலே ஸ்பிரே பிஸ்டன் குழிக்குள் விழாமல் தவறிப்போகும், புகையும் மிஸ்ஸும் அப்படியே இருக்கும். வாஷரின் கனம் அந்த இன்ஜினுக்கு எது என்று பார்த்து வாங்குங்கள். கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும்.

வாஷரும் சரி என்றால் ரிட்டர்ன் பாட்டில் டெஸ்ட், அதாவது இன்ஜெக்டரிலிருந்து மிஞ்சித் திரும்பும் டீசலை அளப்பது. இதற்கு ஸ்கேனர் வேண்டாம், லேப் வேண்டாம். இன்ஜெக்டர்களின் தலையில் உள்ள சின்ன ரிட்டர்ன் ஓஸ்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி ஓஸை மாட்டி, ஒரே அளவுள்ள நாலு பாட்டிலில் விடுங்கள். கழற்றிய ரிட்டர்ன் ஓஸ்களின் திறந்த முனையை மட்டும் அடைத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் ஒரு நிமிடம், பிறகு 2000 ஆர்.பி.எம்.மில் ஒரு நிமிடம். அணைத்துவிட்டு நாலு பாட்டிலையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மூன்று ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் அவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு நிரம்பியிருந்தால், அந்த இன்ஜெக்டருக்குள் வால்வு தேய்ந்து, எரிய வேண்டிய அழுத்தம் ரிட்டர்னில் ஓடுகிறது. வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றாலும் இந்த டெஸ்ட் செய்யலாம். செல்ஃப் அடிக்கும்போதே ஒரு பாட்டில் மட்டும் நிரம்பினால், ரெயிலில் ஸ்டார்ட்டுக்கு வேண்டிய அழுத்தம் ஏறாமல் தடுப்பது அந்த இன்ஜெக்டர்தான். ஆனால் ஒன்று: நாலு பாட்டிலும் சமமாக இருப்பதால் இன்ஜெக்டர் எல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. நுனி அடைத்த இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் சரியாகவே இருக்கும்.

அதனால் கடைசிச் சோதனை இடம் மாற்றுவது. மிஸ் அடிக்கும் சிலிண்டரின் இன்ஜெக்டரை நல்ல சிலிண்டரில் போடுங்கள், புது வாஷரோடு, பைப்பைக் கழற்றிய இடங்களில் தூசி புகாமல் மூடி. மிஸ் கூடவே போனால் இன்ஜெக்டர். அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷன்.

கம்ப்ரஷனுக்கு கேஜ் போடும் முன்பே காது சொல்லிவிடும். எல்லா இன்ஜெக்டர் கப்ளரையும் கழற்றிவிட்டு, சில விநாடி செல்ஃப் அடியுங்கள். நல்ல இன்ஜின் 'உர்-உர்-உர்-உர்' என்று ஒரே எடையில் சுற்றும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று வேகமாகத் தாவும். பிறகு ஹீட்டர் பிளக் துளையில் டீசல் கேஜைப் போடுங்கள் (பெட்ரோல் கேஜ் தாங்காது). டீசலில் பொதுவாக 350-லிருந்து 450 பி.எஸ்.ஐ. வரை வரும், சரியான அளவுக்கு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம்தான் பேச்சு. நாலுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் அதைவிட முக்கியம். ஒன்று மட்டும் நூறு பி.எஸ்.ஐ. கீழே கிடந்தால் வால்வு, ரிங், கேஸ்கட் மூன்றில் ஒன்று. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறது, மூடியை மேலே வைத்தால் துள்ளுகிறது என்றால் பேக் கம்ப்ரஷன் (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குவது), ரிங் பக்கம் சாயுங்கள். டேப்பெட் இடைவெளி இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது. ஃபீலர் கேஜோடு முடியும் அந்த வேலையைப் பார்க்காமல் ஹெட்டை இறக்கக்கூடாது.

"ஐடிலிங் நல்லா இருக்கு, மேட்டில செத்துப்போகுது"

தாளவாடியிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் வண்டிக்கு இது தெரியாது. அதே வண்டி அடிவாரத்துச் சத்தியமங்கலத்திலிருந்து உரமோ சிமென்டோ ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதுதான் தெரியும்: முதல் சில வளைவு ஏறும், பிறகு மூன்றாவது கியரில் ரேஸை முழுசாக மிதித்தும் சோர்ந்து, இரண்டுக்கு இறங்கி, ஒரு கட்டத்தில் செக் லைட் எரிந்து ஊரும். நிறுத்தி அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச தூரம். இது டீசல் போதாத அடையாளம். ஐடிலிங்குக்கு வேண்டிய சொட்டு டீசல் எந்த அடைப்பிலும் வந்துவிடும். லோடில் கேட்கும் அளவு வராது.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் அரை டம்ளர் வடித்துப் பத்து நிமிடம் ஓரமாக வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து, நடுவில் கோடு போட்டதுபோல் நிற்கும். துருத் தூளோ, வழவழப்பான கறுப்புச் சளியோ இருந்தால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் ஃபில்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை. சளி என்பது டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் வளரும் கிருமி. பேரலில் வாங்கி வைத்து ஊற்றும் வண்டிகளில் இது அதிகம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் வேறு வகைக் கேடு: பம்ப்புக்கு எண்ணெய்ப்பசை கொடுப்பதே டீசல்தான், அது மெலிந்தால் பம்ப் தேயும்.

புது ஃபில்டர் போட்டும் அப்படியே என்றால், சோரும் அந்த நிமிடத்தில் ஓரம்கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. அடைத்த மூடியோடு ஓடும் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராது. மூடி சரி என்றால் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை. இதை உறுதிசெய்ய, சுத்தமான டீசல் கேனைத் தனியாக வைத்து, பம்ப்புக்கு வரும் லைனையும் ரிட்டர்னையும் அதில் விட்டு ஓட்டுங்கள். இழுவை திரும்பினால் குற்றவாளி டேங்கும் அதன் லைனும்தான். பம்ப்பும் இன்ஜெக்டரும் இல்லை.

ஸ்கேனர் உள்ளவர்கள் இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஓட்ட இன்னொருவர் பார்க்க மேட்டில் போங்கள்: ஈ.சி.யூ. கேட்கும் ரெயில் பிரஷர், உண்மையில் வரும் ரெயில் பிரஷர். கேட்பது 1200 பார், வருவது 1150 என்றால் டீசல் பக்கத்தை விட்டுவிட்டுக் காற்றுப் பக்கம் போங்கள். கேட்பது 1200, வருவது 700 என்றால் அங்கேயே நில்லுங்கள். அப்போது வரும் கோட் பெரும்பாலும் பி0087, ரெயில் பிரஷர் குறைவு. இந்தக் கோடைப் பார்த்ததும் ஹை பிரஷர் பம்ப்புக்கு ஆர்டர் போடுவது நம் பட்டறைகளின் பெரிய வியாதி. ஃபில்டர், மூடி, டேங்க் வலை, ஏர், இன்ஜெக்டர் ரிட்டர்ன், பம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் அளவு வால்வு, ரெயில் முனையில் உள்ள ரிலீஃப் வால்வு எல்லாம் தாண்டி, கடைசியில்தான் பம்ப். அளவு வால்வு ஒட்டிக்கொண்டால் ஐடிலிங்கே ஏறி இறங்கும், ரேஸை விட்டதும் அணையும்.

பம்ப்தான் போனது என்று தெரிந்தால் பழைய ஃபில்டரைக் கத்தரித்து, காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். அளவு வால்வைக் கழற்றி அதன் வலையையும் பாருங்கள். வெள்ளிப் பொடி மினுங்கினால் பம்ப் உள்ளே அரைந்து, அந்தப் பொடி ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கிறது. பம்ப்பை மட்டும் மாற்றினால் மிச்சப் பொடி புது பாகத்தையும் தின்றுவிடும். டேங்கை இறக்கிக் கழுவி, லைன்களை ஊதி, ரெயிலையும் இன்ஜெக்டரையும் லேபில் கொடுத்துவிட்டுத்தான் புது பம்ப்பைத் தொட வேண்டும். செலவு கசக்கும், ஓனரிடம் அந்தப் பொடியை நேரில் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

"கறுப்பா புகை தள்ளுது, இழுக்கவும் இல்ல"

டீசல் வருகிறது, காற்றுப் போதவில்லை. ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். செங்கல் சூளை, குவாரி, நெல் அறுவடைக் களம் என்று போகும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு செல்லாது.

அதற்கடுத்து, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் போகும் ரப்பர் ஓஸ்கள். கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கம், கிளிப் ஓரத்தில். அந்த இடத்தில் ஆயில் ஈரமும் அதன் மேல் மண்ணும் ஒட்டியிருக்கும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் மூடிக்கொண்டு நல்லதுபோலவே தெரியும், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போதுதான் வாய் திறக்கும். ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லி ஓஸைக் கையால் அமுக்குங்கள். இறுக வேண்டும். 'ஸ்ஸ்' சத்தம் கேட்டால் இடம் கிடைத்துவிட்டது. ஓஸ் சரியாக இருந்தும் இறுகவில்லையென்றால் டர்போ ஆக்சுவேட்டர் கம்பி அசைகிறதா, அதற்குப் போகும் சின்ன வேக்குவம் டியூப் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். டர்போவை மாற்றச் சொன்ன வண்டியில் அந்தச் சின்ன டியூப் மட்டும் போயிருப்பது அடிக்கடி நடப்பது.

டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டினால் லேசான ஆட்டம் இருக்கலாம், இறக்கை வீட்டில் உரசக்கூடாது. இன்டர்கூலர் ஓஸைக் கழற்றினால் ஆயில் குளமாக வழிந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக ரேஸ் ஏறத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. டாப் கியர் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கிளட்சை விட்டு அடக்க வேண்டும்.

இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டாலும் இதே புகைதான், புதுக் காற்றுக்குப் பதில் சைலன்சர் புகை உள்ளே திரும்புவதால். கழற்றிக் கரியை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். தகடு வெட்டி அடைக்கும் வித்தையை நான் சொல்ல மாட்டேன். புகை விதிக்கும் ஆகாது, புது வண்டிகளில் ஈ.சி.யூ. அதைக் கண்டுபிடித்து வேறு லைட்டைப் போடும். ஏர் ஃப்ளோ சென்சாரைத் துணியால் துடைக்காதீர்கள், அதற்கென்று உள்ள ஸ்பிரே மட்டும்.

"புகையே இல்ல, ரேஸ் ஏறமாட்டேங்குது"

முழுசாக மிதித்தும் ஒரு அளவுக்கு மேல் ஆர்.பி.எம். ஏறாமல், சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகி, பிறகு அதே மாதிரி இடத்தில் திரும்ப வந்தால், ஈ.சி.யூ. எதையோ பார்த்துத் தானே பலத்தைக் குறைக்கிறது. இங்கே ஸ்கேனர் இல்லாமல் துழாவுவது வீண்.

ஆக்சிலேட்டர் பெடலுக்குள் இரண்டு சென்சார் இருக்கும். பல வண்டிகளில் ஒன்றின் வோல்ட் மற்றதைப்போல் இரு மடங்காக, மிதிக்க மிதிக்கச் சேர்ந்து ஏறும். நடுவில் எங்காவது ஒன்று தடுக்கினால் பெடல் போயிற்று. அதைவிட மலிவானது பிரேக் சுவிட்ச். அதில் இரண்டு தொடர்பு உண்டு, ஒன்று லைட்டுக்கு, ஒன்று ஈ.சி.யூ.வுக்கு. காலை எடுத்த பிறகும் பிரேக் மிதித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஈ.சி.யூ. ரேஸை வெட்டும். பின்னால் போய் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது காசில்லாத சோதனை.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதிக்குப் பிறகான வண்டிகளில் டி.பி.எஃப். (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் அதன் அடைப்பும் இப்படித்தான் காட்டும். தினமும் ஊருக்குள் கடை கடையாக நின்று போகும் வண்டியில் கரி எரிந்து தீரும் அளவுக்குச் சைலன்சர் சூடே ஆகாது. லைட் எரிந்த உடனே, ஓனர் புத்தகத்தில் சொன்னபடி ஹைவேயில் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டால் பெரும்பாலும் தீரும். லைட்டோடு வாரக்கணக்கில் ஓட்டிய வண்டியில் ஆயில் கேஜை எடுத்துப் பாருங்கள். மட்டம் ஏறி, டீசல் வாசனை அடித்தால், பாதியில் நின்றுபோன சுத்திகரிப்பின் டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

"ஓடிட்டே இருக்கறப்ப வெட்டுது, சில சமயம் அணைஞ்சிடுது"

வயரிங். சூடானதும் அணைந்து, ஆறினால் ஸ்டார்ட் ஆகிற வண்டியில், இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை நினையுங்கள். ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்தில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சம்கூட அசையாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் மட்டும் வெட்டுகிறது என்றால் கப்ளரும் எர்த்தும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் உலோகம் தெரியத் தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் போதவில்லை. சந்தைப்பேட்டையிலும் குடோனிலும் ராத்திரி நிற்கும் வண்டிக்கு எலிதான் முதல் சந்தேகம். வெளியே டேப் முழுசாக இருக்கும், பின்பக்கம் சுரண்டியிருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் தொடங்கிய மிஸ் என்றால் கப்ளர்களைக் கழற்றி உலர்த்திவிட்டு மற்றதை யோசியுங்கள்.

ஸ்கேனர் காட்டும் கோட்: எப்படிப் படிப்பது

பி0263, பி0266, பி0269, பி0272 வரிசையாக ஒன்றிலிருந்து நாலு வரையிலான சிலிண்டரின் பங்கு குறைவு. பி0201-லிருந்து பி0204 வரை அந்தந்த இன்ஜெக்டரின் மின் இணைப்பு. இதற்கு இன்ஜெக்டரைவிட வயரும் கப்ளரும் அதிகம் காரணம். பி0299 பூஸ்ட் குறைவு, பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0401 இ.ஜி.ஆர். ஓட்டம் குறைவு. எதுவும் இன்ன பாகத்தை மாற்று என்று சொல்வதில்லை. எந்த அளவு எல்லை தாண்டியது என்று மட்டுமே சொல்கின்றன. அழிப்பதற்கு முன் கோடையும், அது விழுந்தபோது இருந்த ஆர்.பி.எம்., சூடு, ரெயில் பிரஷரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் வந்தவுடன் அழித்துவிட்டுப் பிறகு எங்கே தேடுவது என்று நிற்கிறார்கள்.

இன்ஜெக்டரை லேபுக்கு அனுப்பும்போது எந்தச் சிலிண்டர் என்று மார்க்கரால் எழுதி அனுப்புங்கள். 'ஃபெயில்' என்று ஒரு சொல்லோடு விடாமல், ஐடிலிங், நடு லோடு, முழு லோடு, ரிட்டர்ன் என்று தனித்தனி அளவு போட்ட ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். புது இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோட் பொறித்திருக்கும். அதை ஈ.சி.யூ.வில் அந்தச் சிலிண்டருக்கு ஏற்ற வேண்டும். இடம் மாற்றிப் போட்டாலும் கோடையும் மாற்ற வேண்டும். மாட்டிய பிறகு அந்த எழுத்து ரிட்டர்ன் ஓஸுக்கும் கிளாம்புக்கும் அடியில் மறைந்துவிடும், அதனால் மாட்டும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.